அன்று கொடுத்த மெடிக்கல்காரர் இன்று ஏன் சீட்டு கேட்கிறார்?

"கொரோனா சமயத்தில் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். டாக்டரைப் பார்க்க முடியவில்லை. தெரிந்த மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுத் தேறினோம். இப்போது அதே கடையில் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டால், 'டாக்டர் சீட்டு எங்கே?' என்கிறார். அன்று கொடுத்தவர் இன்று மறுப்பது நியாயமா?"

- வாசகி ஒருவர், சுவாமிமலை.

மறுப்பதுதான் நியாயம். அன்று கொடுத்ததைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

2021 மே மாதத்தை நினைத்துப் பார்த்தால் அவர் நிலைமை புரியும். தமிழ்நாட்டில் ஒரே நாளில் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டிய மாதம் அது. மே 24 முதல் மளிகைக் கடைகூட மூடிக் கிடந்தது. மருந்துக் கடை, நாட்டு மருந்துக் கடை, பால், குடிநீர் என்று சிலவற்றுக்குத்தான் அனுமதி. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பு, குறுவைக்கு நாற்றங்கால் வேலை வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்த ஜனம் மெடிக்கல் வாசலில் நின்றது. கடைக்கு முன்னால் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, முகக்கவசத்தோடு நின்ற மருந்தாளுநர்தான் பல ஊர்களில் முதலில் கிடைத்த ஆள்.

அந்த நேரத்தில் நல்ல மருந்தாளுநர் செய்தது மாத்திரை விற்றது மட்டுமல்ல. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டார். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்து, 94-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று விரட்டினார். இது எந்தப் பில்லிலும் ஏறாத வேலை.

தவறும் நடந்தது. அசித்ரோமைசின், ஐவர்மெக்டின், ஸ்டீராய்டு மூன்றும் சீட்டில்லாமல் கைமாறின. ஐவர்மெக்டின் ஆடு மாடுகளுக்குக் குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடுவது. விவசாயிக்குப் பழகிய பெயர். அமெரிக்காவில் குதிரைக்கு விற்றதை வாங்கித் தின்றவர்களை அந்நாட்டு மருந்துத் துறையே எச்சரிக்க வேண்டி வந்தது. இங்கே 2021 ஜூனில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம் தன் கொரோனா வழிகாட்டுதலிலிருந்து அதை நீக்கிவிட்டது. அசித்ரோமைசினால் கொரோனாவுக்குப் பலனில்லை என்பதும் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வுகளில் தெரிந்தது.

ஸ்டீராய்டு கதை இன்னும் மோசம். டெக்ஸாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, ஆக்ஸிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைக் காத்தது உண்மை. 2020 ஜூனிலேயே அது தெரியும். ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அதை லேசான காய்ச்சலுக்கே விழுங்கியவர்கள் உண்டு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அந்த மே மாதம் கறுப்புப் பூஞ்சை நோயில் பலர் கண்ணை இழந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசகி வீட்டில் எல்லோரும் தேறியது மாத்திரையாலா? கொரோனா பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே இறங்கிய காய்ச்சல். நாற்றங்காலில் இலைப்பேனை மழை கழுவிக்கொண்டு போயிருக்கும். முதல் நாள் அடித்த மருந்துக்குப் பெயர் கிடைக்கும்!

ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கச் சட்டத்தில் இடமில்லை. சிலவற்றுக்கு எழுதிய டாக்டர், வாங்கியவர், அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும், நெல் வயலில் நிற்பவருக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சேற்றில் நின்றவருக்கு வரும் காய்ச்சல் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். எலிக்காய்ச்சலுக்குச் சரியான ஆன்டிபயாட்டிக்கை உடனே தொடங்க வேண்டும். டெங்குவுக்கு ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனை வேண்டும். கடை கவுன்டரில் அது முடியாது.

பாராசிட்டமாலுக்குச் சீட்டு வேண்டாம். பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை போடலாம். ஈரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் கேட்டுவிட்டுப் போடட்டும். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்காவிட்டால் கும்பகோணம் அரசு மருத்துவமனைக்குப் போய், வயலில் இறங்கி வேலை செய்ததைச் சொல்லுங்கள். இரவு நேரத்தில் சந்தேகம் வந்தால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம். மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் உடம்பு வலி மாத்திரையை மட்டும் வாங்க வேண்டாம். உள்ளே ஸ்டீராய்டு இருந்தாலும் தெரியாது, அட்டையோடு கேளுங்கள்.