தொடர்ந்து செல்லும் வித்தை

கண்ணிழந்தவரைக் கண்டால் கையைப் பற்றி இழுத்துச் செல்வதே உபகாரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அமெரிக்காவில் 1929-ஆம் வருஷம் 'ஸீயிங் ஐ' என்னும் பள்ளி தோன்றிய பின், நாயின் துணையால் தனியே நடப்போர் அங்கே பெருகினர். வழிகாட்டி நாய்களுக்கு, முன்னே செல்லும் ஒருவரைத் தொடரவும் கற்பிப்பதுண்டு. முதலில் பழகிய ஒருவர் சில அடி முன்னே நடப்பார். "தொடர்" என்றதும் நாய் அவர் பின்னே சென்றால் தட்டிக்கொடுப்பார்கள். ஆயினும் அது கண்மூடித்தனமாகப் பின்பற்றுவதன்று. முன்செல்பவர் தாண்டிப் போகும் பள்ளத்தருகே நாய் நின்றுவிட வேண்டும். யஜமானரின் க்ஷேமமே அதற்கு முதல் கடமை.

ஆகவே, அத்தகையவருக்கு வழிகாட்ட விரும்புவோர் கையைப் பற்றவும் வேண்டாம், நாயை அழைக்கவும் வேண்டாம். அவரைக் கேட்டுக்கொண்டு முன்னே நடந்தால் போதும். மானத்தைக் காக்கும் உபகாரம் அதுவே என்பது நமது அபிப்பிராயம்.