வரைபடத்தில் விட்டுப்போன கட்டங்கள்

எஸ்.டி.பி.எம். முதல் தவணைத் தேர்வு முடிவு வந்தபோது வேதியியலில் எனக்குக் கிடைத்தது ‘டி’. அம்மா திட்டவில்லை. “அந்த டப்பாவ எடுத்து உள்ள வெச்சிடு” என்று மட்டும் சொன்னார்.

அம்மா டப்பா என்று சொன்னது நிண்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை. புத்தகம் போல் மடிக்கலாம். மேலே ஒரு திரை, கீழே ஒரு தொடுதிரை. 2004இல் சந்தைக்கு வந்த சாதனம். என்னைவிட வயதில் மூத்தது. பெரியம்மா மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு: எட்ரியன் ஒடிசி.

வீடியோ கேம் நேரத்தைத் தின்னும், கண்ணைக் கெடுக்கும் என்ற கட்டுரைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவற்றோடு சண்டை போட நான் வரவில்லை. இரவு இரண்டு மணி வரை விளையாடியதும் மறுநாள் வகுப்பில் தூங்கி வழிந்ததும் உண்மைதான். ஆனால், என் ‘டி’க்கு அந்த டப்பாதான் காரணம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சொல்லப்போனால், உண்மையான காரணத்தை எனக்குக் காட்டிக் கொடுத்ததே அதுதான்.

எட்ரியன் ஒடிசியை ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2007இல் வெளியிட்டது. எட்ரியா என்ற ஊருக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் அடுக்கடுக்காக இறங்கிச் செல்லும் ஒரு பெருங்காடு. ஐந்து பேர் கொண்ட குழுவை நாமே அமைத்துக்கொண்டு அதற்குள் இறங்க வேண்டும். வாள் வீரன், கேடயம் தாங்குபவன், மருத்துவர், ரசவாதி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. இதுவரை கேட்டால் வழக்கமான கதைதான். வேறுபாடு கீழ்த்திரையில் இருக்கிறது. அங்கே கட்டம் போட்ட தாள் ஒன்று விரியும். நடக்க நடக்க, சுவர் எங்கே, கதவு எங்கே, படிக்கட்டு எங்கே என்று தொடுதிரைப் பேனாவால் நாம்தான் வரைய வேண்டும். முதல் வேலையே அதுதான். முதல் தளத்தின் ஒரு பகுதியை ஒழுங்காக வரைந்து காட்டினால்தான் மேற்கொண்டு உள்ளே போக அனுமதி.

இது புதிய யோசனையும் அல்ல. 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விசர்ட்ரி விளையாட்டை ஆடியவர்கள், பக்கத்தில் கட்டத்தாளை வைத்துக்கொண்டு பென்சிலால் நிலவறையை வரைந்தார்கள். வரையாதவர்கள் உள்ளேயே தொலைந்து போனார்கள். அந்த விளையாட்டை உருவாக்கிய ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் இருவரும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களும் தேர்வு நேரத்தில் திட்டு வாங்கியிருப்பார்களோ என்னவோ!

எட்ரியன் ஒடிசி இரக்கம் இல்லாத விளையாட்டு. ஆரம்பத் தளங்களிலேயே ஒரு நச்சு வண்ணத்துப்பூச்சி வரும். பார்க்க அழகாக இருக்கும். நாலைந்து சுற்றுக்குள் குழுவையே சாய்த்துவிடும். இன்னொரு வகை எதிரி, நாம் ஓரடி வைத்தால் தானும் ஓரடி வைக்கும். தொடக்கத்தில் அதோடு மோதவே முடியாது. அதன் நடையை எண்ணிப் பார்த்து ஒதுங்கிப் போக வேண்டும். விளையாட்டை அவ்வப்போது ஊர் விடுதிக்குத் திரும்பிச் சேமிக்க வேண்டும். அதற்கு முன் ஐவரும் விழுந்தால், சேர்த்த பொருளும் அனுபவப் புள்ளியும் போய்விடும்.

ஆனால், ஒரு சலுகை உண்டு. எல்லாம் போன பிறகு விளையாட்டு ஒரு கேள்வி கேட்கும்: வரைந்த வரைபடத்தை மட்டும் சேமிக்கட்டுமா? ஆம் என்று அழுத்தினால், ஊரில் மறுபடி கண் விழிக்கும்போது உடலில் பலம் இருக்காது, பையில் காசு இருக்காது; போன இடத்தின் படம் மட்டும் கையில் இருக்கும். எத்தனையோ இரவு அந்தக் கேள்விக்காகவே எனக்கு அழத் தோன்றவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒன்று புரிந்தது. அதில் வரைந்த இடத்தைவிட வரையாத இடமே அதிகம் பேசும். நாலு பக்கமும் பாதை ஓடுகிறது, நடுவில் மட்டும் ஆறு கட்டம் காலி. அப்படியானால் அங்கே ஓர் அறை இருக்கலாம், ஏதோ ஒரு சுவரில் மறைவான வழி இருக்கலாம். சுவரை ஒட்டி ஒவ்வோர் அடியாக நடந்து தேடுவேன். பல முறை கிடைத்திருக்கிறது.

இப்போது வேதியியலுக்கு வருகிறேன். முதல் தவணையில் நான் ஒரு குறிப்புகூட சொந்தமாக எழுதவில்லை. தேவையே இருக்கவில்லை. போன ஆண்டு ‘ஏ’ வாங்கிய ஓர் அக்காவின் குறிப்பு டெலிகிராம் குழுவில் வந்தது. மூன்று நிறத்தில் எழுதி, அம்புக்குறி போட்டு, அத்தனை அழகு. அச்சடித்துக் கோப்பில் செருகி, படித்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் தெரிந்தது போலவே இருந்தது. தேர்வில் பஃபர் கரைசலில் கொஞ்சம் அமிலம் சேர்த்தால் பிஎச் எவ்வளவு மாறும் என்று கேட்டார்கள். சூத்திரம் நினைவில் இருந்தது. எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. பேனா அப்படியே நின்றுவிட்டது.

அந்த அக்காவின் குறிப்பில் காலி இடமே இல்லை. இருக்க முடியாது, அவர் எல்லா இடத்துக்கும் போய் வந்தவர். எனக்குத் தெரியாத இடம் எது என்று அந்தத் தாளால் எப்படிச் சொல்ல முடியும்? அது அவருடைய வரைபடம். இப்போது செயலியிடம் பாடத்தைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் குறிப்பு வந்துவிடுகிறது. அதிலும் காலி இடம் இல்லை.

என் தோழி இதை ஏற்கவில்லை. “ஆறு அத்தியாயத்தையும் உட்கார்ந்து எழுத நேரம் எங்கடி இருக்கு? நீ கேம்ல தொலைஞ்சா ஊருக்குத் திரும்பிடலாம். இங்க பாயிண்ட் போனா போனதுதான்” என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பகுதிநேர வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவள் அவள். குறிப்பு வாங்குவதே தவறு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. நானே யோக்கியம் இல்லை. ஒரு தளத்தில் வழி தெரியாமல் மூன்று நாள் சுற்றிவிட்டு, இணையத்தில் யாரோ போட்டிருந்த முழு வரைபடத்தைப் பார்த்து இருபது நிமிடத்தில் கடந்திருக்கிறேன். மற்ற தளங்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த ஒரு தளம் மட்டும் இன்றைக்கும் நினைவில் இல்லை.

அதனால் தோழியிடம் நான் கேட்டது சின்ன விஷயம்தான். அக்காவின் குறிப்பைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் பத்து நிமிடம், தெரிந்ததை மட்டும் எழுது. எங்கே பேனா நிற்கிறதோ அங்கே ஒரு பெட்டி போட்டுக் காலியாக விடு. பிறகு அக்காவின் குறிப்பில் அந்தப் பெட்டிக்கு உரியதை மட்டும் தேடு. பஃபர் விஷயம் எனக்கு அப்படித்தான் பிடிபட்டது. சேர்க்கும் அமிலத்தைக் கரைசலில் ஏற்கெனவே உள்ள இணை காரம் பிடித்துக்கொள்கிறது; அதனால்தான் பிஎச் அதிகம் அசைவதில்லை. ஒரு வரிதான். அந்த வரி அக்காவின் தாளில் முதலிலிருந்தே பச்சை நிறத்தில் இருந்தது. நான் அதை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அண்ணன் கொடுத்த அட்டையில் அவர் விளையாடியதும் அப்படியே இருந்தது. பாதிக்கு மேல் இறங்கியிருந்தார். எல்லாத் தளத்துக்கும் நேர்த்தியான வரைபடம், ஆபத்தான இடத்தில் “ஓடு” என்ற குறிப்பு வேறு. அதில் சேமிக்க ஒரே ஓர் இடம்தான். நான் முதலிலிருந்து தொடங்கினால் அவருடையது அழிந்துவிடும். மனம் கேட்காமல் அவரை அழைத்தேன்.

“அழிச்சிடு. ஆனா எட்டாவது மாடியில பார்த்து, அங்க...”

“அண்ணே, சொல்லாதீங்க!” என்று போனை வைத்துவிட்டேன்.

டப்பா இப்போது அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. மூன்றாம் தவணையின் முடிவில் வேதியியல் தாளை மறுபடி எழுதப் போகிறேன். நோட்டுப் புத்தகத்தில் இன்னும் பதினோரு பெட்டிகள் காலியாக உள்ளன. நேற்று அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்ன இது, பாதி எழுதாம விட்டு வெச்சிருக்க?” என்று கேட்டார். உட்கார வைத்து விளக்கினேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. அலமாரிச் சாவியை மட்டும் இன்னும் தரவில்லை.