கூட்டம் போகிற பக்கம்தான் கடை போகும்!
பாரிமுனை நடைபாதை வியாபாரம்: மாடியில் ஏற்றினால் பிழைக்குமா?

சென்னை பாரிமுனையில் நடைபாதைக் கடைகளை அகற்றுவதும், மறுபடி அவை முளைப்பதும் பல வருடக் கதை. லாரி வருகிறது. சாமான் ஏறுகிறது. இரண்டு நாள் வெறிச்சோடிக் கிடக்கிறது. மூன்றாம் நாள் பார்த்தால் அதே இடத்தில் அதே தார்ப்பாய், அதே சீப்பு, கண்ணாடி, கைக்குட்டை!

வியாபாரிக்குப் பிடிவாதமா? அதிகாரிகளுக்குக் கண்டிப்பு போதவில்லையா? விஷயம் அதுவல்ல. ஜனங்கள் நடக்கிற இடம் அது. நடக்கிற ஜனத்தை நம்பித்தான் அந்தக் கடை இருக்கிறது.

நகரத்தின் பழைய கடைத்தெருக்கள் எப்படி வளர்ந்தன, எப்படித் தேய்ந்தன என்று பார்த்தால் இது தெளிவாக விளங்கும்.

பட்டணம் பார்க்க வந்தார்கள்

ஒரு காலத்தில் கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, களமருதூர் பக்கத்திலிருந்து 'பட்டணம் பார்க்க' வரும் குடும்பம் பாரிமுனையில்தான் பஸ்சை விட்டு இறங்கும். இறங்கியதுமே வேடிக்கை தொடங்கிவிடும். கலங்கரை விளக்கம் இருந்த ஐகோர்ட்டுக் கோபுரம், துறைமுகத்தில் நிற்கும் கப்பல், கடற்கரை ரெயில் நிலையம்.

அப்புறம் 'செத்த காலேஜ்', 'உயிர் காலேஜ்'. எழும்பூர் மியூசியத்துக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் ஜனங்கள் வைத்த பெயர் அது.

அந்த உயிர் காலேஜ் சென்ட்ரல் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டிய பூங்காவில் இருந்தது. பிள்ளைகள் புலியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் எதிரே மார்க்கெட். பொம்மை, பழைய புத்தகம், பழைய கிராமபோன் தட்டு, புறா, கிளி எல்லாம் கிடைக்கும்.

'வாங்க சார், பாருங்க சார், பார்க்கறதுக்குக் காசு இல்ல சார்!' இது நடைபாதைக் கடைக்காரரின் கூப்பாடு. வியாபாரத்தின் ரகசியமே அந்த ஒரு வரியில் இருக்கிறது. வாங்க வேண்டும் என்று யாரும் வருவதில்லை. பார்க்க வருகிறார்கள். பார்த்தவர் நிற்கிறார். நின்றவர் விலை கேட்கிறார். விலை கேட்டவரில் பாதிப் பேராவது ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

1985-ல் இரட்டை அடி

1900-ம் ஆண்டு திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், 1985-ம் ஆண்டு மே 30-ந் தேதி தீயில் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரெயில் நிலையம் எழும்பியது. கடைக்காரர்களுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள்.

கட்டிடம் கிடைத்தது. பழைய கூட்டம் கிடைக்கவில்லை.

அதே 1985-ம் ஆண்டில்தான் வண்டலூர் உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. மிருகங்கள் ஊருக்கு வெளியே போயின. மிருகங்களுக்கு அது நல்லது. நெருக்கடியில் கிடந்தவற்றுக்குக் காடு கிடைத்தது. ஆனால் பிள்ளை குட்டிகளோடு மூர் மார்க்கெட் பக்கம் வந்துகொண்டிருந்த கூட்டமும் கூடவே போய்விட்டது. தீ ஒரு பக்கம், இது ஒரு பக்கம். புதுக் கட்டிடம் என்ன செய்யும்?

பஸ் நிலையம் நகர்ந்தது

அடுத்த அடி 2002-ல். வெளியூர் பஸ்கள் பாரிமுனையை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போயின. நெரிசல் குறைய வேண்டும் என்றால் அதைச் செய்துதான் ஆகவேண்டும். யாரும் குறை சொல்ல முடியாது.

2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்ட பஸ்கள் இப்போது அங்கே நின்றுவிடுகின்றன. கள்ளக்குறிச்சி பஸ்சும் அப்படித்தான். அங்கிருந்து பாரிமுனைக்கு 30 கிலோ மீட்டருக்கு மேல். மாநகர பஸ் உண்டு. ஆனால் மூட்டை முடிச்சோடு, கைக்குழந்தையோடு வருபவர் இன்னொரு பஸ் மாறி வருவாரா?

வண்டலூர் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. புலியைக் காட்டிவிட்டு, பாரிமுனைப் பக்கமே வராமல், 'பட்டணம் பார்த்தாச்சு' என்று ஊர் திரும்பிவிடலாம்!

உள்ளூர்க் கூட்டத்துக்கும் சோதனை வந்தது. கடற்கரை–எழும்பூர் நான்காவது ரெயில் பாதை வேலைக்காக, கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரெயிலை 2023 ஆகஸ்டு கடைசியில் நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். 14 மாதம்! ரெயில் நிலைய வாசலில் கைக்குட்டை விற்றவருக்கும் சுண்டல் விற்றவருக்கும் அந்த 14 மாதத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

பர்மா பஜார் சொல்லும் பாடம்

இத்தனைக்கும் நடுவே நின்று பிடித்தது ஒன்று உண்டு. அதுதான் பர்மா பஜார்.

பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்தடுத்து வியாபாரம் எல்லாம் சர்க்கார் உடைமை ஆனது. தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்த தமிழர்கள் கட்டிய துணியோடு கப்பலேறி சென்னை துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைக்க 1969-ம் ஆண்டு, கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது, துறைமுகத்துக்கு எதிரே சாலையோரம் கடை போட இடம் கிடைத்தது.

வெளிநாட்டுச் சாமான் கண்ணில் படாத காலம் அது. சென்ட், டேப் ரிக்கார்டர், கைக்கடிகாரம் எது வேண்டுமானாலும் 'பர்மா பஜாரில் பார்' என்பார்கள். 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. வெளிநாட்டுச் சாமான் மூலைக்கு மூலை கிடைக்க ஆரம்பித்தது. அதோடு பஜார் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. சி.டி. வந்தது, செல்போன் வந்தது, சார்ஜர் வந்தது. சரக்கு மாறியது. இடம் மாறவில்லை. எதிரே கடற்கரை ரெயில் நிலையம், நாலடி நடந்தால் பாரிமுனை, 2019 முதல் மெட்ரோ ரெயிலும் பக்கத்தில். சாயங்காலம் அத்தோ சாப்பிடப் பக்கத்துத் தெருவில் கூட்டம்.

சரக்கு மாறினால் கடை பிழைக்கும். கூட்டம் போனால் பிழைக்காது. பர்மா பஜார் சொல்லும் பாடம் இதுதான்.

இரண்டு வகை வாடிக்கை

'அப்படியானால் எந்த மார்க்கெட்டையும் மாற்றவே கூடாதா? கொத்தவால் சாவடியை மாற்றவில்லையா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

1996-ல் கொத்தவால் சாவடி காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. அங்கே அது தழைத்தது. காரணம், மொத்த வியாபாரம். ஓட்டல்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் காய்கறி வேண்டும். எங்கே இருந்தாலும் தேடிக்கொண்டு போவார்கள். 2020-ல் கொரோனாவுக்காகச் சில மாதம் திருமழிசைக்கு மாற்றியபோது அங்கேயும் போனார்கள்.

பாண்டி பஜாரைப் பாருங்கள். 2013-ல் நடைபாதை வியாபாரிகளை எடுத்து, அவர்களுக்கென்று கட்டிய மாடி வளாகத்தில் வைத்தார்கள். வெயில் இல்லை, மழை இல்லை, மாமூல் தொல்லை இல்லை. ஆனால் 'கீழே ஓடின வியாபாரம் மேலே ஓடவில்லை' என்பதுதான் வியாபாரிகளின் புலம்பல். ஒரு ஜோடி தோடு வாங்க யார் படி ஏறுவார்கள்?

2019-ல் அதே பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி, உட்கார பெஞ்சு போட்டு, உலாவும் இடமாக மாற்றினார்கள். உலாவ வரும் கூட்டம் கீழே. உலாவுகிறவருக்கு விற்பவர் மாடியில்!

தேவைக்கு வாங்குபவர் தேடி வருவார். வேடிக்கை பார்க்க வருபவர் தேடி வரமாட்டார். இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிட்டுப் போடும் திட்டம் எதுவும் நிலைக்காது.

நம் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை வாரச்சந்தைகளைப் பாருங்கள். நாலு ஊர் வழியும் சேரும் இடத்தில்தான் சந்தை கூடும்.

சிங்கப்பூரில் எப்படி?

'சிங்கப்பூரில் ஒரு நடைபாதைக் கடை உண்டா?' என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் துறைமுக நகரம்தான். அங்கேயும் தெருவெல்லாம் கடைதான் இருந்தது.

முதலில் அவர்கள் செய்தது, வியாபாரிகளைக் கணக்கெடுத்து உரிமம் கொடுத்தது. பிறகு 1970-களில் தொடங்கி 1986-க்குள் எல்லோரையும் உணவங்காடி வளாகங்களுக்கு மாற்றினார்கள். எங்கே கட்டினார்கள் என்பதுதான் முக்கியம். குடியிருப்பு வாசலில், பஸ் நிலையத்தை ஒட்டி, வேலைக்குப் போகிறவர் காலில் இடறும் இடத்தில்! வாடகையும் குறைவு. இன்றைக்கு வெளிநாட்டுப் பயணிகள் அதைப் பார்க்கவே போகிறார்கள். 2020-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது ஏறிவிட்டது.

சிங்கப்பூரைக் காட்டி லாரியை அனுப்புகிறவர்கள், சிங்கப்பூர் முதலில் செய்த கணக்கெடுப்பையும் காட்ட வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமையில் அடங்கும் என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 'இந்த இடம்தான் வேண்டும்' என்று அடம் பிடிக்க உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

2014-ல் சாலையோர வியாபாரிகள் சட்டம் வந்தது. வியாபாரிகளும் கடைக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு:

கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் 100-க்கு 40 பேருக்குக் குறையக் கூடாது. அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீசு வேண்டும். சாமானைப் பறிமுதல் செய்தால் பட்டியல் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளாக இருந்தால், கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவை இரண்டு வேலை நாளில்.

இன்னொன்றும் உண்டு. 50 வருடத்துக்கு மேல் நடக்கிற இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்கே உள்ளவர்களை மாற்றக் கூடாது. பர்மா பஜாருக்கு 2019-லேயே 50 வயது ஆகிவிட்டது. பூக்கடையைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு வயது என்ன? வரிசையாக எழுதிப் பார்க்கட்டும்!

கடைக்காரர் கேட்பதும் நியாயம்

இதில் மறுபக்கமும் இருக்கிறது. முன்பணம் கொடுத்து, மாத வாடகை கொடுத்து, வரி கட்டிக் கடை நடத்துகிறவர், 'என் வாசலை மறித்து என் சரக்கையே பாதி விலைக்கு விற்கிறானே' என்று கொதிக்கிறார். கடற்கரை நிலையத்தில் இறங்கி ஆபீசுக்கு ஓடும் குமாஸ்தா, நடைபாதையில் இடம் இல்லாமல் பஸ்சுக்கு நடுவே நடக்கிறார். வயதானவர்கள் பாடு சொல்லவே வேண்டாம்.

நடக்கிறவருக்குக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறடி, தடையில்லாமல் விடவேண்டும் என்பது சாலைக் கட்டுமான விதி. அந்த ஆறடியில் யாருக்கும் சலுகை வேண்டாம். வாசலைத் தாண்டி ஸ்டூலையும் பொம்மையையும் வைக்கும் பெரிய கடைக்கும் இது பொருந்தும்!

ஆறடி போக மிச்சம் இருக்கும் இடத்தில் கோடு போடுங்கள். கோட்டுக்குள் எத்தனை கடை கொள்ளுமோ அத்தனைக்குச் சான்றிதழ். மெரினாவில் ஐகோர்ட்டு தலையிட்டபோது 900 கடை என்று எண்ணிக்கை வைத்து, குலுக்கல் போட்டு, அதே மணலில்தானே இடம் ஒதுக்கினார்கள்? கூட்டம் வருகிற இடத்திலேயே கட்டுப்பாடு வைக்க முடியும் என்பதற்கு அது உதாரணம்.

இடம் போதாமல் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், தரைத் தளத்தில் கொடுங்கள். பஸ் நிற்கும் இடத்தில், மெட்ரோ வாசலில், ரெயில் சுரங்கப் பாதை முகப்பில் கொடுங்கள். கிளாம்பாக்கம் போன்ற புது நிலையம் கட்டும்போதே சின்ன வியாபாரிக்கும் சேர்த்து வரைபடம் போடுங்கள். நிலையத்தை முதலில் கட்டிவிட்டு, பின்னால் முளைக்கும் தள்ளுவண்டியைத் துரத்துவது வீண் செலவு.

கூட்டத்தைச் சர்க்கார் ஒரு உத்தரவில் நகர்த்திவிடுகிறது. பஸ்சை மாற்றினால் போதும். ஆனால் அந்தக் கூட்டத்தை நம்பி அடுப்பு எரிக்கிறவர்களை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த பஸ் நிலையம், அடுத்த ரெயில் பாதை, அடுத்த அகலச் சாலைக்குத் திட்டம் போடும்போது, முதல் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கட்டும்:

'இங்கே இதுவரை யார் என்ன விற்றுக்கொண்டிருந்தார்கள்?'