இடத்தகராறும் இருண்ட திரையும்

பழைய கணினிகளைப் பேணுவோரில் பலர், திரை குழம்பினாலோ இருண்டாலோ, வரைகலை அட்டை செத்துவிட்டதென்று உடனே தீர்ப்பெழுதிவிடுகின்றனர். இதை நாம் ஏற்பதற்கில்லை. பல வேளைகளில் அது பழுதன்று, இடத்தகராறு.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒற்றைநிற எம்டிஏ அட்டைக்கு நினைவக முகவரி பி0000இல் தொடங்கியது. வண்ண சிஜிஏ அட்டைக்கு பி8000இல். ஆகவே இரண்டும் ஒரே பெட்டியில் பிணக்கின்றி வாழ்ந்தன. 1982இல் வந்த ஹெர்குலிஸ் அட்டையோ 64 கிலோபைட் நினைவகம் கொண்டது. முழுவதையும் விரித்தால் சிஜிஏவின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். 32 கிலோபைட்டில் நிறுத்தினால் பிணக்கு தீரும்.

ஆகவே ஓர் அட்டையைக் கழற்றிவிட்டு மற்றதைத் தனியே சோதிக்க வேண்டும். முதன்மைத் திரை எதுவெனத் தாய்ப்பலகைக்கு அறிவிக்கும் டிப் சுவிட்சுகளையும் பார்க்க வேண்டும். அவற்றின் பொருளைச் சொல்வது கையேடுதான். கையேட்டை எடைக்குப் போட்டுவிட்டு அட்டையை மட்டும் காப்பது, உரையைத் தொலைத்துவிட்டு நூற்பாவோடு மல்லுக்கட்டுவதற்கு ஒப்பாகும். அட்டையைச் சேகரிப்போர் அதன் கையேட்டையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பதே நம் கருத்து.