மாற்றிய மூட்டுக்கும் வயசாகும்

சகோதரிகளே, "இடுப்பு மூட்டைத்தான் மாத்தியாச்சே, இனி என்ன கவலை?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மாற்றிய மூட்டுக்கும் வயசாகும் என்பதை இந்த முறை பார்ப்போம்.

இங்கிலாந்தில் டாக்டர் ஜான் சார்ன்லி, உலோகக் குமிழும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட மூட்டை 1962-ல் வெற்றிகரமாகப் பொருத்தினார். அம்மி தேய்கிற மாதிரி அந்தக் கிண்ணமும் மெள்ளத் தேயும். தேய்ந்த துகள்களால் சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்பட்டு, மூட்டு ஆட்டம் காணும். 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, நூறு மூட்டுகளில் சுமார் 58தான் 25 வருஷம் தாங்குகின்றன. பாக்கிப் பேருக்கு மறு ஆபரேஷன்தான். அதை எப்போது செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் வலங்கைமானிலேயே இரண்டு விதத்தையும் பார்த்துவிட்டேன். என் மாமியாருக்கு மூட்டு மாற்றி 16 வருஷம். நாற்காலியை விட்டு எழும்போது தொடை இடுக்கில் வலி என்றார். "வயசானா வலிக்கத்தாம்மா செய்யும்" என்று தட்டிக் கழிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. கும்பகோணத்தில் எக்ஸ்ரே எடுத்ததில் கிண்ணம் தளர்ந்திருந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சொத்தைப் பல்லைச் சரிசெய்து, மூட்டில் சீழ் இல்லையென்று பரிசோதித்து, ரத்தமும் சரியான அளவு மூட்டும் தயார் செய்த பிறகே ஆபரேஷன். மறுநாளே வாக்கரைப் பிடித்து நின்றார்.

அடுத்த தெரு அத்தைக்கும் அதே வலிதான். இரண்டு வருஷம் தைலம் தேய்த்தே ஓட்டினார். கொல்லையில் வழுக்கி விழுந்ததில், தளர்ந்த மூட்டைச் சுற்றியிருந்த எலும்பு முறிந்துவிட்டது. சர்க்கரையோ ஏகத்துக்கு ஏறியிருந்தது; ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை வேறு; பழைய மூட்டு என்ன ரகம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆபரேஷன் நீண்டது, படுக்கையும் நீண்டது. பங்குனியில் பாடைக் காவடி பார்க்க வாசல்வரைகூட அவரால் வர முடியவில்லை.

அவசரத்தில் செய்யும்போது சீழ், ரத்த இழப்பு, உயிராபத்து எல்லாமே கூடுதல். ஆனால் எலும்பு முறிந்தாலோ, மூட்டு நழுவினாலோ, சீழ் பிடித்தாலோ தாமதிக்கவும் கூடாது.

கவனிக்க வேண்டியவை: தொடை அல்லது தொடை இடுக்கில் புதிதாக வலி, நொண்டல், கால் குட்டையானதுபோல் தோன்றுதல், காய்ச்சலோடு மூட்டு வலி, தழும்பில் கசிவு. இவற்றில் ஒன்று வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லாவிட்டாலும், டாக்டர் சொன்ன காலத்தில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எல்லா வலிக்கும் ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. மூட்டின் பெயர், எண் உள்ள ஸ்டிக்கரை ரேஷன் கார்டு மாதிரி பத்திரப்படுத்துங்கள். டீபுய் கம்பெனி தன் ஏ.எஸ்.ஆர். மூட்டுகளை 2010-ல் திரும்பப் பெற்றது. நம் நாட்டில் சுமார் 4,700 பேருக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன. அவர்களில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை!

மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், எக்ஸ்ரேயையும் தள்ளிப்போடாதீர்கள்.