பிள்ளை நடந்தால் போதுமா?

முதுகெலும்பு முற்றும் மூடாமற் பிறந்த குழந்தைக்குச் சத்திரசிகிச்சை முடிந்ததும், ‘இனி நடக்குமா?’ என்பதே பெற்றோரின் முதல் வினா. சிகிச்சையின் பயனை அளக்க அஃதொன்றே போதாது. நடக்கும் பிள்ளைக்கும் சிறுநீர்ப்பை நரம்புகள் பழுதுற்றிருக்கலாம். தேங்கும் சிறுநீர் நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒழுகும் சிறுநீரோ பிள்ளையைப் பாடசாலையினின்றும் விலக்கும்.

1972இல் அமெரிக்க மருத்துவர் லாபிடெஸ் எளிய வழியொன்றைக் காட்டினார்: கைகழுவி, சுத்தமான மெல்லிய குழாயால் வேளை தவறாது சிறுநீரை வெளியேற்றுதல். தாதியிடம் பயின்றால், பதுளைத் தோட்டத்து லயத்திலும் தாய் இதனைச் செய்யலாம். வளர்ந்தபின் பிள்ளையே செய்யும்.

சக்கர நாற்காலி கிடைத்தும் ஊவா மலைச்சரிவின் படிக்கட்டுகள் மறிக்குமாயின், அக்குறை பிள்ளையினுடையதன்று. ஆகவே பெற்றோர் மேலும் இரு வினாக்கள் கேட்பாராக: சிறுநீரகம் நலமா? பாடசாலைக்கு வழியுண்டா? முன்னதற்கு மருத்துவர் விடை கூறுவார். பின்னதற்கு விடை கூறவேண்டியவர் நாமே.