கேட்கத் தெரிந்தவர்க்கே கிடைக்கும் உதவி

அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் இளங்கலை படிக்க ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும். ரூபாயில் ஏறக்குறைய 70 லட்சம். விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் பக்கம் மல்லாட்டையும் நெல்லும் போட்டுப் பிழைக்கும் குடும்பத்துப் பெண்ணிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவளைப் போன்றவர்களிடம் அந்தப் பணத்தைக் கேட்காத இடங்களும் அத்தகைய பல்கலைக்கழகங்களில் உண்டு என்பதை அவளுக்கு எவரும் சொல்வதில்லை.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் ஆகியவை வெளிநாட்டு மாணவரையும் பணவசதி பார்க்காமல் தேர்ந்தெடுக்கின்றன. குடும்பத்தால் கட்ட முடியாததைத் தாமே ஏற்கின்றன. ஸ்டான்ஃபோர்டு, சிகாகோ போன்றவை வேறு வகை. சேர்த்துக்கொண்டவருக்கு முழு உதவி உண்டு. ஆனால் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போதே, உதவி கேட்டிருக்கிறாரா என்பதும் கணக்கில் வரும். அதற்குப் பயந்து உதவி வேண்டாமென்று எழுதிவிட்டு, சேர்ந்த பிறகு கேட்டால் ஸ்டான்ஃபோர்டு தராது. ஏழை மாணவர் தொடக்கத்திலேயே துணிந்து கேட்டுவிட வேண்டும்.

இடம் கிடைப்பது அரிது. ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடமில்லை. ஆனால் நம் பிள்ளைகள் அந்தப் போட்டிவரை போவதே இல்லை. அதற்கு முன்பே தாள்களில் தடுக்கி விழுகிறார்கள்.

உதவி கேட்பவர் ‘சி.எஸ்.எஸ். புரொஃபைல்’ என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். பெற்றோரின் வரிக்கணக்கு, சம்பளக் கடிதம், வங்கி இருப்பு, சொத்து மதிப்பு எல்லாம் கேட்பார்கள். விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ஆகவே பல வீடுகளில் வரிக்கணக்கே கிடையாது. கையில் இருப்பது தாலுகா அலுவலகம் தந்த வருமானச் சான்றிதழ். அதில் உள்ள தொகை பெரும்பாலும் ஏதாவதொரு அரசுத் திட்டத்தின் உச்சவரம்புக்குள் அடங்கும்படி எழுதப்பட்டது. படிவத்தின் இன்னொரு பக்கத்தில் வீட்டுச் செலவைக் கேட்கும்போது சிக்கல் தொடங்கும். செலவு வருமானத்தைவிட அதிகமாக இருக்கிறதே, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அதிகாரி கேட்பார். நகைக்கடன், மகளிர் குழுக் கடன், கட்டட வேலைக்குப் பெங்களூரு போன அண்ணன் அனுப்பும் பணம் ஆகியவைதான் பதில். அதை ஆங்கிலத்தில் அரைப்பக்கம் விளக்கி எழுதினால் புரிந்துகொள்வார்கள். எழுதாமல் விட்டால், கணக்கு ஒத்துவராத விண்ணப்பமாகவே அது கிடக்கும்.

நிலம் இன்னும் பெரிய சிக்கல். பட்டா தாத்தா பெயரிலோ, நான்கு பங்காளிகள் பெயரில் கூட்டாகவோ இருக்கும். முழு நிலத்தையும் அப்பாவின் சொத்தாகக் காட்டினால் குடும்பம் வசதியானதாகத் தெரியும். காட்டாமல் விட்டால் மறைத்ததாகிவிடும். ‘பாகம் பிரிக்காத நிலத்தில் இவருக்கு இவ்வளவு பங்கு’ என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கலாம் என்று பதினேழு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வழிகாட்ட ஆள் இருந்தால் முடியும். 2021இல் ஈரோடு மாவட்ட விவசாயி மகள் ஒருவர் முழு உதவியுடன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். அவருக்குப் பள்ளிப் பருவத்திலேயே ஓர் அமைப்பின் வழிகாட்டல் கிடைத்திருந்தது.

விழுப்புரம் வட்டாரத்துக்கு வெளிநாட்டுப் படிப்பில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1910 வாக்கில் வேலையில்லாதிருந்த கணிதமேதை இராமானுஜன், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூருக்கு வந்து, டெபுடி கலெக்டர் வி.ராமசாமி ஐயரிடம் எழுத்தர் வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் ராமசாமி ஐயர். இராமானுஜனின் நோட்டுப்புத்தகத்தைப் பார்த்தவர், இந்த மூளையை வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் முடக்க மனமில்லாமல், சென்னையில் இருந்தவர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். 1914இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தந்தது. அதில் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்குப் போனது. மாணவனை அனுப்பினால் அவன் வீடும் சாப்பிட வேண்டும் என்பதை அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்று தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெருமைப்பட வேண்டிய திட்டம். ஆனால் அது முதுகலைக்கும் ஆய்வுக்கும் உரியது. பிளஸ் 2 முடிக்கும் பிள்ளைக்கு அரசு இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. பெருந்தொகையைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகமே தரும். சேர்க்கைக்கான சாட் தேர்வுக்கு நூறு டாலருக்கு மேல், சி.எஸ்.எஸ். படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்த கல்லூரிகளுக்குத் தனி, பிறகு பாஸ்போர்ட், விசா. இந்தச் சில்லறைச் செலவுகளை அரசு ஏற்கட்டும். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யப் பல கல்லூரிகளுக்குத் தலைமையாசிரியரின் ஒப்புதல் போதும் என்பதைத் தலைமையாசிரியர்களுக்கே முதலில் சொல்லித்தர வேண்டும்.

மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. விழுப்புரத்துப் பள்ளியில் இந்த விண்ணப்ப வேலைக்கென ஓர் ஆசிரியரை அமர்த்தி, மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம் பள்ளிகளின் பிள்ளைகளும் அவரிடம் வரலாம் என்று அறிவிக்கலாம். நிலப் பங்கையும் கடனையும் சேர்த்துச் சொல்லும் ஆங்கிலச் சான்றை வட்டாட்சியர் அலுவலகம் வழங்கலாம். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் நவம்பர் 1இலோ ஜனவரி முதல் வாரத்திலோ வருகிறது. நம் பிள்ளைகள் அப்போது பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். தாள் சேர்க்கும் வேலையைப் பிளஸ் 1 முடிந்த கோடை விடுமுறையிலேயே அந்த ஆசிரியர் தொடங்கிவிட வேண்டும்.